நாலாவது கல்

குழந்தை வகுப்பு என்று நியமன உத்தரவில் எழுதியிருப்பதைப் பார்த்ததும், புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிற உங்களில் சிலருக்கு முகம் வாடியிருக்கும். படித்துப் பட்டம் வாங்கிவிட்டு அ, ஆ சொல்லிக்கொடுக்கவா என்று தோன்றியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு அதுவே அதிகம். நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவன். விட்டவன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. கணக்குப் பரீட்சைக்குப் போகிற வழியில் கரமனை ஆற்றுப் பாலத்தில் நின்று, கேள்வித்தாளில் என்னென்ன வரும், அதில் எனக்கு என்னென்ன தெரியாது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் பரீட்சையே முடிந்துவிட்டது. திரும்பி வீட்டுக்குப் போனேன். அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்தது வாத்தியாராகத்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதற்கு இது வேண்டும். நான் பயந்தவன். வீட்டை விட்டுக் கிளம்பினால் பூட்டினோமா என்று பாதித் தெரு போய்த் திரும்பி வருகிறவன். பெரியவர்களைப் பார்த்தால் வாய் வறண்டுவிடும். பிள்ளைகளிடம் மட்டும் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால்தான் முப்பத்தோரு வருஷம் அந்த ஒரே வகுப்பில் இருந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் வலியசாலையில், கோவிலுக்குப் பின்னால் இருந்தது. நான் சொல்வது மகாராஜா காலம். தலைமை ஆசிரியர் ட்ரெயினிங் போய்வந்தவர். எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்காதே, ஓசையைச் சொல்லிக்கொடு, எழுத்து தானே பின்னால் வரும் என்பது அவர் கொண்டுவந்த முறை. குறில் சுலபமாக வந்தது. நெடில்தான் படுத்தியது. பிள்ளைகள் ஆ என்பதையும் அ என்று வெட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள். நீட்டு, நீட்டு என்று நான் கத்துவேன். அவர்கள் நீட்டுவதற்குப் பதில் என்னைப் போலவே கத்துவார்கள். அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டி, “ஓய், உள்ளே என்ன பல்லுப் பிடுங்கறேரா?” என்று கேட்டார்.

அன்றைக்கு மத்தியானம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் தரை கண்ணில் பட்டது. கருங்கல் பாவிய தரை. என் நாற்காலியிலிருந்து வாசல்படி வரை நேர்வரிசையில் பதினோரு கல். மறுநாள் ஒரு பிள்ளையை என் பக்கத்தில் நிறுத்தி, ஓசையைத் தொடங்கி, விடாமல் இழுத்துக்கொண்டே நடக்கச் சொன்னேன். ஓசை நின்றால் காலும் நிற்க வேண்டும். அ என்றால் ஒரு கல். ஆ என்றால் குறைந்தது இரண்டு கல். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் நெடில் வந்துவிட்டது. இரண்டு கல்லோடு யார் நிற்பார்கள்? மூச்சு இருக்கிற வரை போக ஆரம்பித்தார்கள். யார் எது வரை போனார்கள் என்று சுண்ணாம்புக் கட்டியால் கல்லில் குறிபோட்டு வைத்தேன். பெயர் படிக்கத் தெரியாத வயசு என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு படம். ஒருவனுக்கு மீன், ஒருத்திக்குக் குடை, ஒருவனுக்கு மாங்காய்.

கோமுவுக்குக் கரண்டி. அவள் அப்பா கோவில் மடைப்பள்ளியில் சமையல். என்ன படம் வேண்டும் என்று கேட்டதற்கு யோசிக்காமல் சொன்னாள். ஆறு வயசு, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவளுடைய கரண்டி பதினோராவது கல்லில், வாசல்படியை ஒட்டி இருந்தது. அதற்கு மேல் கல் இல்லை. அங்கே போய் நின்றுகொண்டு, பின்னால் தடுமாறுகிறவர்களைப் பார்த்துச் சொல்வாள்: “டேய் கிட்டா, நோக்கு மூணே கல்லுதானா? எங்காத்துப் பூனை அஞ்சு கல்லு போகும்டா!” கிட்டன் அழுவான். அவளே போய்க் கையைப் பிடித்து, “வா, நான் கூட வரேன், ஊதாம மெள்ளச் சொல்லு” என்று மறுபடி நடத்திக் கூட்டிக்கொண்டு வருவாள். பாதி வகுப்புக்கு நெடில் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன்.

ஆ என்று சொல்லும்போது பிள்ளை வாயைத் திறக்கிறது. காலையில் நாற்பது வாய். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் நேரே உள்ளே போகும். தொண்டை, நாக்கு, சொத்தைப் பல், எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஒருவனுக்கு இது போதாதா? அம்பி என்று ஒரு பையன், அவன் நாக்கு ஒருநாள் கருநீலமாக இருந்தது. விஷம் ஏதோ தொட்டுவிட்டது என்று பதறி, பியூனோடு வீட்டுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “ஸார், ஞாவப்பழம் தின்னா நாக்கு பின்னே என்ன நிறமா இருக்கும்?” நாவல்பழச் சாறு. வகுப்பே சிரித்தது. அடுத்த மாதம் ஒரு பெண்ணுக்கு அம்மை என்று அனுப்பினேன், அது கொசுக்கடி. பிறகு ஒருவனுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது என்றேன், அவன் வாயில் ஒரு முழு நெல்லிக்காய். அதோடு தலைமை ஆசிரியர் எனக்கு ‘டாக்டர் ஸார்’ என்று பெயர் வைத்துவிட்டார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தப் பெயர் தெருவெல்லாம் பரவிவிட்டது.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் ஒரு வியாழக்கிழமை. நான் அப்போது தற்காலிக வாத்தியார். ட்ரெயினிங் இல்லை, சர்டிபிகேட் இல்லை. அவர் வகுப்பைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் வேலை நிலைக்கும். எழுதாவிட்டால் பழையபடி கரமனைப் பாலம்தான். ஒரு வாரமாகவே எனக்குச் சோறு இறங்கவில்லை. கல் வரிசையில் நெடில் நடத்திக் காட்டுவது என்று ஏற்பாடு. முதலில் கோமு. அவள் வாசல் வரை போய்விட்டால் பிறகு யார் தடுமாறினாலும் பரவாயில்லை என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார்.

காலையில் மணி அடித்ததும் ஒத்திகைக்குக் கோமுவைக் கூப்பிட்டேன். பட்டுப் பாவாடை கட்டி வந்திருந்தாள். ஆ என்று தொடங்கினாள். நாலாவது கல்லில் ஓசை நின்றுவிட்டது. அவளும் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியம்.

“இன்னொரு தரம் வா கோமு.”

இந்தத் தடவையும் நாலாவது கல். ஓசை வழக்கம்போல இல்லை. ஈரத்துணியைப் போர்த்தியதுபோல அமுங்கி வந்தது. அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். தொண்டையின் உட்புறத்தில், ஆறிய கஞ்சியின் மேல் படர்கிற ஏடு மாதிரி, சாம்பல் கலந்த வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

“முழுங்கினா வலிக்கறது ஸார்,” என்றாள்.

தலைமை ஆசிரியரைத் தேடி ஓடினேன். அவர் வாசலில் நின்று தோரணம் கட்டுகிறவனை அதட்டிக்கொண்டிருந்தார்.

“ஸார், கோமுவுக்குத் தொண்டையிலே வெள்ளையா என்னவோ இருக்கு. வீட்டுக்கு அனுப்பிடலாம்னு...”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. “போன மாசம் நெல்லிக்காய். அதுக்கு முந்தின மாசம் கொசு. இன்னிக்கு என்ன ஓய், பால் ஏடா? காலம்பறப் பால் குடிச்சுட்டு வந்திருப்பா. டாக்டர் ஸார், இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், உம்ம வைத்தியத்தை மடக்கி வையும். அது மதி, அதுவே போதும்.”

தோரணம் கட்டுகிறவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர் தடுத்துவிட்டார், நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அவர் தொண்டையைப் பார்க்கவில்லை. பார்த்தவன் நான். கோமுவின் வீடு கூப்பிடுதூரம்தான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தால் தலைமை ஆசிரியர் ஏசியிருப்பார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு எதைக் கண்டாலும் பயம் என்றேனே, அன்றைக்கு இரண்டு பயம் ஒரே சமயத்தில் வந்தது. ஒன்று கோமுவுக்காக, ஒன்று எனக்காக. எனக்காக வந்ததுதான் பெரிசாகத் தெரிந்தது.

வகுப்புக்குத் திரும்பி வந்து அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் நெடிலுக்குக் கிட்டனைக் கூப்பிட்டேன். கோமு பழக்கிவிட்ட கிட்டன், ஏழு கல் போனான். குடைப் படக்காரி எட்டு. கோமுவுக்கு மட்டும் குறில் கொடுத்தேன். அ. ஒரு கல். இ. ஒரு கல். உ. ஒரு கல். குறிலுக்கு மூச்சு வேண்டாம். தொண்டையும் அதிகம் திறக்க வேண்டாம். துணி போர்த்திய அந்த ஓசை யார் காதிலும் விழாது. அவள் ஒவ்வொன்றையும் பளிச்சென்று சொன்னாள். மூன்றாவதற்குப் பிறகு என் வேஷ்டியைப் பிடித்து இழுத்து, “ஸார், நேக்கு ஆ?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“உனக்கு இன்னிக்கு இது போதும். போய் உட்காரு.”

போய் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அவளால் முடியாது என்று எனக்குத் தெரிந்ததால்தானே அதை மறைக்க எனக்கு வழி தெரிந்தது? தெரியாதவனாக இருந்திருந்தால் ஆ கொடுத்திருப்பேன். அவள் நாலாவது கல்லில் நின்றிருப்பாள். இன்ஸ்பெக்டராவது என்ன இது என்று கேட்டிருப்பார். நான் கற்ற ஒரே வித்தையை, ஒரு குழந்தையின் தொண்டை யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்குப் பயன்படுத்தினேன்.

அவர் பார்வைப் புத்தகத்தில் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: ‘குழந்தை வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் திறனையும் நன்கு அறிந்து வினாக்கள் கொடுக்கிறார்.’ அந்த ஒரு வரியில்தான் என் வேலை நிலைத்தது.

வெள்ளிக்கிழமை கோமு வரவில்லை. ராத்திரி காய்ச்சல் அடித்தது என்று கிட்டன் வந்து சொன்னான். வீட்டில் மிளகுக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள், தொண்டைக்குப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். நான் தெருமுனை வரை இரண்டு தடவை போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு தடவையும் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை மூச்சு இழுக்க ஆரம்பித்தபிறகு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்டை அடைப்பான், டிப்தீரியா, என்று அங்கே சொன்னார்களாம். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் வந்தபோது தலைமை ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோரணம் காய்ந்து தொங்கியது. கோமு இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டபிறகு வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கோமுவின் அப்பா வாசலில் வந்து நின்றார். மடைப்பள்ளி வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார், துண்டில் கரி. நான் எழுந்து நின்றேன்.

“இருங்கோ ஸார். ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வேற ஒண்ணும் இல்லை.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்குச் சாயங்காலம் ஆத்துக்கு வந்தவ சாதம் வேண்டாம்னா. தொண்டை வலிக்கறதுன்னா. அதுக்கு அழலை. ‘ஸார் இன்னிக்கு நேக்கு எல்லாம் சின்னச் சத்தமாவே குடுத்துட்டார்ப்பா, ஆ தரவே இல்லை’ன்னு ஒரே அழுகை. நான் சொன்னேன், நீ ஏதோ விஷமம் பண்ணியிருப்பே, ஸார் சிக்ஷிச்சிருப்பார்னு. இல்லவே இல்லைன்னா.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு ஸார் குடுக்கலை?”

எனக்குப் பதில் தயாராக இருந்தது. நாற்பது பிள்ளைகள், எல்லாருக்கும் முறை வர வேண்டாமா என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவரும் அதை நம்பியிருப்பார். நம்பிவிட்டுப் போயிருப்பார். போனால் என் ஆயுசு முழுக்க அவரைக் கோவிலில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொய்யும் கூட நிற்கும்.

“அவளால முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றேன்.

“எப்போ?”

“காலம்பற. மணி அடிச்ச உடனே.”

“வாயைப் பாத்தேளா?”

“பாத்தேன்.”

“என்ன இருந்தது?”

“வெள்ளையா. ஏடு மாதிரி.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியிலே டாக்டர் கேட்டார், எப்போ தொடக்கம்னு. வியாழக்கிழமை ராத்திரின்னு சொன்னேன். ஒரு ஊசி இருக்காம். தொடக்கத்துலே போட்டா மிக்கவாறும் குழந்தை பிழைச்சுக்குமாம்.” பிறகு, என்னைக் கேட்பதுபோல அல்லாமல், “தினோம் அவ வாயைப் பாக்கறவா நீங்க ஒருத்தர்தான். எங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?” என்றார்.

அப்போதுதான் அவர் கண் கீழே போனது. வாசல்படியை ஒட்டிய கல்லில் சுண்ணாம்புக் கரண்டி. யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“இது அவளோடதா?”

“ஆமாம்.”

“அன்னிக்கு எது வரைக்கும் வந்தா?”

கையை நீட்டிக் காட்டினேன். அவர் சுவர் ஓரமாகச் சுற்றி என் நாற்காலிப் பக்கம் வந்தார். அங்கிருந்து ஒவ்வொரு கல்லாக, எண்ணிக்கொண்டு, நாலாவது கல்லில் போய் நின்றார். வாசலைப் பார்த்தார்.

“இங்கேருந்து எவ்வளவு தூரம் இருக்கு ஸார்,” என்றார்.

பிறகு போய்விட்டார். போகும்போது கரண்டியை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்.

அதற்கடுத்த வாரமே இன்னொன்று நடந்தது. குடைக்காரியின் ஓசை மூன்றாவது கல்லில் நின்றது. நான் யாரையும் கேட்கவில்லை. வகுப்பைப் பியூனிடம் விட்டுவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேஷ்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டாள். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. இவ்வளவு சுலபமான காரியமா இது என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் அதற்கப்புறம் என்னை டாக்டர் ஸார் என்று கூப்பிடவே இல்லை. ஒருநாள் என்னிடம் வந்து, “ஓய், அன்னிக்கு நான்...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை. பங்கு போட்டால் யாருக்கும் பாதியாகக் குறைகிற விஷயமா அது?

பிள்ளைகள் ரொம்ப நாள் பதினோராவது கல்லை மிதிக்கவில்லை. மூச்சு மிச்சமிருந்தாலும் பத்தாவதில் நின்றுவிடுவார்கள். கரண்டிப் படத்தை அழிக்க நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சாரல் அடித்து அது தானே போயிற்று.

உங்களுக்கு இப்போது நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. படம் இருக்கிறது, அட்டை இருக்கிறது. நெடிலுக்குக் கல் எண்ண வேண்டியதில்லை. ஆனால் காலையில் முதல் ஆ சொல்லும்போது பாடத்தை மறந்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். நேற்று எவ்வளவு தூரம் போன பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அனுப்பிவிடுங்கள். தப்பாக இருந்தால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்து ஓய்வு பெறுகிற வரை சிரித்தார்கள். வெற்றிலைச் சாறு, பலாப்பழப் பிசின், அத்தை பூசிவிட்ட மஞ்சள், எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன். ஏமாந்த ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம் சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். வழுக்கைத் தலையோடு ஒருவர் வந்து வழிமறித்துக்கொண்டார். கூட அவர் பெண், கல்லூரியில் படிக்கிறவள்.

“ஸார், என்னைத் தெரியறதா? அம்பி ஸார்! ஞாவப்பழம்!” என்று சொல்லி நடுத்தெருவில் நாக்கை நீட்டிக் காட்டினார். பிறகு அந்தப் பெண்ணிடம் முழுக் கதையும் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கிற வரை அவர் கையை நான் விடவில்லை. ஆறு வயசில் என்னிடம் இருந்தவர்கள் இப்படி வழுக்கையும் நரையுமாக வந்து எத்தனை பேர் கேலி செய்தாலும் எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு தடவையும், கூட்டத்தில் இன்னும் ஒருத்தி வர வேண்டும் என்று கண் தேடுகிறது.